பருவமும் தேதியும்: திருத்தணி – பொதட்டூர்பேட்டை வட்டாரத்தை முன்வைத்துக் குழந்தைப் பிறந்தநாளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தையின் பிறந்தநாளை ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதியில் கொண்டாடும் வழக்கம் மேனாட்டுப் பண்பாட்டின் இறக்குமதியாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. தமிழ் மரபில் பிறந்தநாள் விழா அரசர்க்கும் இறைவர்க்கும் உரியதாக இருந்தது. குழந்தைக்கு உரியனவாக வளர்ச்சிப் பருவங்களே கொண்டாடப்பட்டன. குழந்தை பிழைத்திருக்கும் என்ற உறுதி, பிறந்த தேதி எழுதப்படுதல், எழுதப்பட்ட தேதிக்குச் சட்டப் பயன் உண்டாதல் ஆகிய மூன்று மாற்றங்களுக்குப் பின்னரே ஆண்டுதோறும் நிகழும் பிறந்தநாள் பொதுமக்கள் வழக்காக வேரூன்றியது. தமிழக – ஆந்திர எல்லையில் அமைந்த நெசவூராகிய பொதட்டூர்பேட்டையையும் அதன் வட்டாரமாகிய திருத்தணியையும் களமாகக் கொண்டு இம்மாற்றங்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பிறந்தநாள், பருவம், ஆண்டுநிறைவு, பிறப்புப் பதிவு, திருத்தணி, பொதட்டூர்பேட்டை, நெசவு, எல்லைப் பண்பாடு.

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், திருத்தணிக்கு வடமேற்கில் அமைந்த பேரூராட்சி பொதட்டூர்பேட்டை. கைத்தறியாலும் பின்னர் விசைத்தறியாலும் அறியப்படும் ஊர் இது. இவ்வட்டாரத்து மக்கள் தமிழும் தெலுங்கும் புழங்குவோர். அவர்தம் வாழ்க்கைச் சடங்குகள் பலவும் திருத்தணி முருகன் கோயிலைச் சார்ந்தே நிகழ்கின்றன.

இவ்வட்டாரத்தின் நிருவாக வரலாறு மாற்றங்கள் மிக்கது. கார்வேட்டிநகர் சமீன் ஆட்சியில் இருந்த திருத்தணிப் பகுதி வடார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாநிலத்திற்குச் சென்றது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படியும், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

இதன் விளைவு குடும்பங்களின் அளவில் நோக்கத்தக்கது. ஒரே வீட்டில் 1950, 1955, 1958, 1961 ஆகிய ஆண்டுகளில் பிறந்த நான்கு உடன்பிறப்புகள் முறையே சென்னை மாநிலம், ஆந்திர மாநிலம், ஆந்திரப் பிரதேசம், மீண்டும் சென்னை மாநிலம் எனும் வெவ்வேறு ஆட்சிகளின்கீழ்ப் பிறந்தோர் ஆவர். வீடு இடம் பெயரவில்லை. பிறப்பைப் பதிந்த அரசு மட்டுமே மாறியது. பிறந்தநாள் என்பது குடும்பத்தின் நினைவா, அரசின் பதிவா என்னும் வினா இத்தகைய ஊரில் வெறும் கோட்பாட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை.

2. இலக்கிய மரபில் நாளும் பருவமும்

பிறந்தநாளைக் கொண்டாடுதல் தமிழர்க்குப் புதியதன்று. அரசன் பிறந்தநாளில் நிகழும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியம் பாடாண்திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் எனக் குறிக்கிறது. அந்நாளில் அரசன் வெண்ணிற ஆடை அணிதலால் வெள்ளணி என்ற பெயரும் வழங்கியது. சோழர் கல்வெட்டுகள் இவ்வழக்கைத் தொடர்ந்து காட்டுகின்றன. முதலாம் இராசராசனின் ஐப்பசிச் சதயமும் முதலாம் இராசேந்திரனின் ஆடித் திருவாதிரையும் கோயில் விழா நாள்களாக விளங்கின.

இங்கு இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, இந்நாள் விண்மீனால் குறிக்கப்பட்டது. மாதமும் விண்மீனும் கூடும் நாளே பிறந்தநாள். இரண்டாவது, அது பொதுவிழாவாகும் தகுதி அரசர்க்கும், அவர்வழி இறைவர்க்கும் அடியார்க்குமே இருந்தது. கோயில்களில் இன்றும் ஆழ்வார், நாயன்மார் திருநட்சத்திரங்கள் கொண்டாடப்படுதல் இம்மரபின் தொடர்ச்சியாகும்.

குழந்தைக்கு இலக்கியம் வகுத்த காலக்கணக்கு வேறு. குழந்தையைப் பாடும் பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களைக் கொண்டது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாற்கும் பொது. ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியனவும், பெண்பாற்குக் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல் ஆகியனவும் சிறப்பு. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் இப்பருவங்களை அமைத்தல் பாட்டியல் மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலாக இவ்வமைப்பு நிலைபெற்றது.

இவ்வரிசையில் ஓராண்டு நிறைவு தனியிடம் பெறவில்லை. ஒற்றைப்படைக் கணக்கில் பதினொன்றாம் திங்களை அடுத்துப் பதின்மூன்றாம் திங்களே வருகிறது. பன்னிரண்டு கடந்து செல்லப்படுகிறது. தலையை நிமிர்த்துதல், கைகொட்டுதல், தளர்நடையிட்டு வருதல் எனக் குழந்தையின் உடல் இயற்றும் செயல்களே பருவத்தின் எல்லைகள். அரசனுக்கு நாள், குழந்தைக்குப் பருவம் என்னும் பகுப்பு இவ்வாறு தெளிவாகிறது. பாட்டுடைத் தலைவன் அரசனே ஆயினும், அவனைக் குழந்தையாகப் பாடும்போது புலவர் நாண்மங்கலத்தை விடுத்துப் பருவத்தையே கைக்கொண்டனர்.

3. பிழைத்தலின் விழா

பருவம் சார்ந்த கணக்கிற்கு இலக்கிய மரபு மட்டுமே காரணமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் இருநூறு பேரளவில் ஓராண்டு நிறையும் முன்பே இறந்தனர். இந்நிலையில் ஒவ்வொரு பருவமும் கடந்துவந்த ஒரு கண்டமாகவே உணரப்பட்டது.

சடங்குகளின் அமைப்பு இவ்வச்சத்தைக் காட்டுகிறது. தீட்டுக் கழிந்தபின் பெயரிடுதல், வசம்பும் கருப்பு வளையலும் அணிவித்தல், பழம்புடவையில் தூளி கட்டுதல், சோறூட்டுதல் ஆகியன காத்தலை முதன்மையாகக் கொண்டவை. முன்பிறந்த குழந்தைகளை இழந்த வீடுகளில் அடுத்த குழந்தைக்குக் குப்பன், குப்பம்மாள், பிச்சை எனப் பெயரிடும் வழக்கம் தமிழகமெங்கும் இருந்தது. மதிப்பற்றது போலக் காட்டினால் காலன் கண்படாது என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன் ஆகிப் பேரன் என மருவிய சொல்வழக்கும், குடும்பத்தின் தொடர்ச்சி குழந்தையின் உயிர்வாழ்வையே சார்ந்திருந்ததை உணர்த்துகிறது.

ஆண்டுநிறைவு எனப்படும் முதலாண்டுச் சடங்கை இப்பின்னணியில் வைத்தே பொருள்கொள்ள வேண்டும். பிறந்த மாதத்தில் பிறந்த விண்மீன் மீளும் நாளில் அது நிகழும். ஆண்டுதோறும் தொடரும் விழாவின் முதல் நிகழ்வாக அது கருதப்படவில்லை. பெரும்பாலான குடும்பங்களில் ஒருமுறை நிகழ்ந்து முடிந்தது. அதனை அடுத்து வருவன முடியிறக்குதலும் காது குத்துதலும் ஆகும். இவ்விரண்டிற்கும் திருத்தணி மலைக்கோயில் இவ்வட்டாரத்தின் முதன்மைத் தலம். குழந்தை பிழைத்தால் முடி தருவதாக நேர்ந்துகொள்ளலும், தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்தலும், உறவினர் மொய் எழுதுதலும் இச்சடங்கின் கூறுகள். ஒற்றைப்படை ஆண்டாக ஒன்றோ மூன்றோ ஐந்தோ தேர்ந்துகொள்ளப்படுவதால் குடும்பத்தின் பொருள்நிலைக்கும் தாய்மாமனின் வசதிக்கும் ஏற்பக் காலம் நெகிழ்ந்தது. தேதி கட்டாயமாகாத விழா ஏழைக் குடும்பத்திற்கு இசைவானதாகவும் இருந்தது.

4. எல்லையின் இரு கணக்குகள்

எல்லைப்பகுதியில் ‘பிறந்த நாள்’ எது என்பதே இருவகையாகக் கணிக்கப்பட்டது. தமிழ் வழக்கு ஞாயிற்று மாதத்தையும் விண்மீனையும் கொள்கிறது. தெலுங்கு வழக்கு திங்கள் மாதத்தையும் திதியையும் முதன்மையாகக் கொள்கிறது. முன்னதற்கு ஆண்டு சித்திரையில் பிறக்கும். பின்னதற்கு உகாதியில் பிறக்கும். ஒரே நாளில் ஒரே தெருவில் பிறந்த இரு குழந்தைகளின் ஆண்டுநிறைவு இரு வேறு நாள்களில் வருதல் இம்முறையில் இயல்பே.

ஆயினும் வளர்பருவங்களைக் கொண்டாடுவதில் இருமொழியினரும் ஒன்றுபடுகின்றனர். குழந்தை குப்புற விழுந்தால் போளி, சிரித்தால் எள்ளுருண்டை, அடியெடுத்து வைத்தால் அதிரசம், வாசற்படி தாண்டினால் வடை என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பண்டத்தைத் தெலுங்கு வழக்கு வைத்துள்ளது. செயலின் பெயரும் பண்டத்தின் பெயரும் தெலுங்கில் முதலெழுத்து ஒத்து வருவதால் நினைவில் நிற்க எளிது. முதற்பல் முளைத்தவுடன் குழந்தையின் தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்வைத்த பொருள்களுள் எதனை அது எடுக்கிறது என நோக்கும் யாழ்ப்பாணத்துப் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு இதனோடு ஒப்பிடத்தக்கது. தொலைவில் உள்ள இவ்விரு வழக்குகளிலும் காலத்தை அளப்பது நாட்காட்டியன்று, குழந்தையின் உடலே. அளந்ததை உறுதிப்படுத்துவது அயலாரோடு பகிர்ந்துண்ணும் பண்டம்.

5. பதிவேட்டில் பிறந்த தேதி

பிறப்பை எழுதி வைக்கும் வழக்கம் சாதகக் குறிப்பாக முன்பே இருந்தது. எனினும் சாதகம் எழுதுவித்தோர் சிலரே; அது வீட்டுப் பெட்டிக்குள் இருந்த ஆவணம். பொதுப் பதிவாக அது மாறியது காலனிய ஆட்சியில்தான். 1886ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டமும், 1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் இதன் தொடக்கநிலைகள். கொள்ளைநோய்க் காலத்தில் இறப்பைக் கணக்கிடுவதே இப்பதிவுகளின் முதன்மை நோக்கமாக இருந்தமையால், பிறப்புப் பதிவு நெடுங்காலம் குறையுடையதாகவே நின்றது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வயது கேட்கப்பட்டபோது பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் எண்களே மிகுதியாகக் கூறப்பட்டன. வயதை ஆண்டு எண்ணாக நினைவில் வைக்கும் தேவை பெரும்பாலோர்க்கு இல்லை என்பதற்கு இது சான்றாகும்.

தேதியைக் குடும்பத்திற்குள் கொண்டுவந்த நிறுவனம் பள்ளிக்கூடமே. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடச் செய்து பள்ளி வயதை முடிவுசெய்த முறையை முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். உடலால் அளந்த பருவம் அங்கே ஆசிரியரின் கையால் தேதியாக எழுதப்பட்டது. பள்ளி திறக்கும் காலத்தை ஒட்டி மே, சூன் மாதத் தேதிகள் பலருக்கு அமைந்தது இவ்வாறே. சேர்க்கைப் பதிவேட்டின் அத்தேதி எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழுக்கும் அதன்வழி வேலைக்கும் ஓய்வுக்கும் சென்று, வாழ்நாள் முழுவதும் மாற்றற்கரிய உண்மையாயிற்று.

திருத்தணி மண்ணிலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. அவ்வூரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணனின் அலுவல்முறைப் பிறந்த தேதி 1888 செப்டம்பர் 5. ஆனால் தாம் உண்மையில் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே அவர் கருதினார் என அவர்தம் மகனும் வரலாற்றறிஞருமான சர்வபள்ளி கோபால் 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். இராதாகிருட்டிணன் குடியரசுத் தலைவரான 1962ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. தாம் பிறந்ததாக நம்பிய நாள் ஒருபுறம் இருக்க, ஏட்டில் நின்ற நாளே நாட்டின் விழாவாயிற்று. எழுதப்பட்ட தேதி நினைவில் நின்ற நாளை வென்றதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அவ்வெற்றி ஆசிரியரைப் போற்றும் நாளின்வழிப் பள்ளிகளில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுவதும் பொருத்தமுடையதே.

6. தறியும் வயதும்

தேதி வெறும் அலுவல் குறிப்பாக நின்றிருந்தால் குடும்பங்கள் அதனைப் போற்றியிரா. அதற்குச் சட்டப் பயன் உண்டாயிற்று. 1929ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் குறைந்த அளவு வயதாக வகுத்தது. 1978இல் அவை பதினெட்டும் இருபத்தொன்றுமாக உயர்த்தப்பட்டன. பூப்பு என்னும் பருவத்தைத் திருமணத் தகுதியாகக் கொண்ட சமூகத்தில், ஆண்டு எண்ணை அளவையாக வைத்தது பெருமாற்றமாகும். பெண்குழந்தைக்குப் பிறந்த தேதி ஒரு காப்பாயிற்று.

நெசவூரில் இதற்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. நெசவு குடும்பத் தொழில். தறி வீட்டோடு இணைந்தது. தார் சுற்றுதல், பாவுக்கு இழை எடுத்துக்கொடுத்தல், அறுந்த நூலைப் பிணைத்தல் ஆகியன பெண்களும் முதியோரும் சிறாரும் செய்த துணைப்பணிகள். குழித்தறியில் கால் மிதிப்பலகைக்கு எட்டுதலே ஒரு சிறுவன் நெசவுக்குத் தகுதி பெற்றதன் அடையாளம். இதுவும் உடல் அளந்த பருவமே. பிள்ளைத்தமிழின் பருவங்கள் சிறுதேரோடு முடிய, நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் பருவங்கள் தறிக்குழியில் தொடர்ந்தன.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயது நிறையாதோரை விலக்கிய பணிகளுள் துணி அச்சிடுதல், சாயமேற்றுதல், நெசவு ஆகியவற்றைச் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் துணைகொண்டு நடத்தும் தறிக்கூடத்திற்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தபோதும், பள்ளி நேரத்திற்குப் பின் தீங்கற்ற குடும்பத் தொழிலில் உதவுதலை அனுமதித்தது. வீடே தொழிற்கூடமாக உள்ள ஊரில் இவ்விலக்கின் பொருள் பெரிது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வியை உறுதிசெய்ததோடு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கலாகாது எனவும் விதித்தது. பருவம் சிறுவனைத் தறிக்கு அழைத்த இடத்தில், தேதி அவனைப் பள்ளியில் இருத்தியது. பதினான்கு என்னும் எண்ணை மெய்ப்பிக்கப் பிறந்த தேதி இன்றியமையாததாயிற்று.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவான முறையை வகுத்தது. பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரைப் பின்னரும் சேர்க்கலாம். பெயரில்லாக் குழந்தைக்கும் தேதி உண்டு என்பது இம்முறையின் உட்பொருள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்டவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் உரிய ஆவணம் என்னும் நிலையை அச்சட்டத்தின் திருத்தம் ஏற்படுத்தியது.

7. தேதி சடங்காதல்

குழந்தை இறப்பு குறைந்தமை இம்மாற்றத்தின் மறுபக்கம். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி தமிழகத்தில் ஆயிரம் பிறப்புக்குப் பதின்மூன்று குழந்தைகளே ஓராண்டுக்குள் இறக்கின்றன. அங்கன்வாடி எடைக் குறிப்பும், ஆறு, பத்து, பதினான்கு வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் இடப்படும் தடுப்பூசியும் காப்புப் பருவத்தின் புதிய வடிவங்கள் எனலாம். அடுத்த ஆண்டும் குழந்தை இருக்கும் என்ற நம்பிக்கையே, ஒருமுறை நிகழ்ந்த ஆண்டுநிறைவை ஆண்டுதோறும் மீளும் பிறந்தநாளாக மாற்றும் முன்நிபந்தனையாகும்.

மெழுகுவத்தி ஏற்றிய கேக், பதினெட்டாம் நூற்றாண்டு செருமானியக் குழந்தை விழாக்களோடு தொடர்புடையது. உலகெங்கும் பாடப்படும் வாழ்த்துப் பாடலின் மெட்டு, அமெரிக்காவில் ஹில் சகோதரியர் மழலையர் பள்ளிக்கென 1893இல் வெளியிட்ட காலை வணக்கப் பாடலின் மெட்டாகும். இவ்வடிவங்கள் அயலிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை வந்து சேர்ந்தபோது அவற்றை ஏற்கும் தேதி பள்ளிப் பதிவேட்டால் முன்னரே உருவாகியிருந்தது. பள்ளியில் சீருடைக்கு விலக்குப் பெற்று வண்ண ஆடையுடன் வந்து வகுப்பினர்க்கு மிட்டாய் வழங்குதல், கேக் வெட்டும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டிய பிறந்தநாள். தேதியை எழுதிய இடமே அதனைக் கொண்டாடும் களமாகவும் ஆயிற்று.

அயல் தேதியை உள்ளூர்ச் சடங்காக்கும் ஆற்றலுக்குத் திருத்தணியே சான்று. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய திருப்படித் திருவிழாவில் அடியார்கள் டிசம்பர் 31 அன்று ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகளுக்கும் பூசைசெய்து, திருப்புகழ் பாடி மலையேறி ஆங்கிலப் புத்தாண்டை முருகன் சந்நிதியில் எதிர்கொள்கின்றனர். ஆங்கில நாட்காட்டி அங்கே மறுக்கப்படவில்லை, படியாக்கப்பட்டு ஏறப்படுகிறது. பிறந்தநாளன்று காலையில் கோயில் அருச்சனையும் மாலையில் கேக்கும் ஒரே குடும்பத்தில் முரணின்றி நிகழ்தல் இத்தகைய ஏற்பின் குடும்ப வடிவமே.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழ் மரபு பிறந்தநாளை அறிந்திருந்தும் அதனைக் குழந்தைக்கு உரியதாக்கவில்லை; குழந்தையின் காலத்தை உடல் சார்ந்த பருவங்களால் அளந்தது. குழந்தை இறப்பு மிகுந்த சூழலில் முதலாண்டுச் சடங்குகள் பிழைத்தலின் விழாக்களாக இருந்தன. பதிவேடும் பள்ளியும் சட்டமும் பிறந்த தேதியை உருவாக்கி, திருமணத்திலும் தறியிலும் குழந்தையைக் காக்கும் எல்லையாக்கின. கேக்கும் வாழ்த்துப் பாடலும் இவ்வரலாற்றின் இறுதியில் வந்து சேர்ந்த அடையாளங்கள். அதன் காரணங்கள் அல்ல.

அதேவேளை பருவம் மறைந்துவிடவில்லை. இவ்வட்டாரத்துக் குழந்தை அருச்சனைச் சீட்டில் பெயராலும் விண்மீனாலும் அறியப்படுகிறது. பள்ளிப் பதிவேட்டில் பெயராலும் தேதியாலும் அறியப்படுகிறது. முன்னது குடும்பத்தோடும் குலத்தோடும் அதனைப் பிணைக்கிறது. பின்னது குடும்பத்தின் விருப்பத்தையும் கடந்து அதற்கென ஓர் உரிமையை வழங்குகிறது. அரசர்க்கு மட்டுமே உரியதாயிருந்த பிறந்தநாள் நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் உரியதாகியுள்ளமை, நுகர்வுப் பண்பாட்டின் விளைவாக மட்டும் மதிப்பிடப்படாமல், சமூக வரலாற்றின் ஒரு பேறாகவும் ஆராயப்படுதல் வேண்டும்.